ஊட்டி உயரத்தில் எஃப்ஐ பைக்: வீட்டிலேயே டியூனிங் செய்ய முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்தில் துள்ளிக்கொண்டு கிளம்பும் வண்டி பர்லியார் தாண்டும்போதே கொஞ்சம் சோர்ந்துவிடும். குன்னூர் வந்தபின் மூன்றாம் கியரில் ஏறவேண்டிய மேட்டுக்கு இரண்டாம் கியர் கேட்கும். ஊட்டி சேரிங் கிராஸ் வந்து சேர்வதற்குள் ஓட்டுபவர் முடிவே கட்டிவிடுவார்: "வண்டியை டியூன் பண்ணணும்." அதன்பிறகு பிளக் மாறும், ஏர் ஃபில்டர் மாறும், சிலருக்கு இன்ஜெக்டரும் மாறும். பில் ஏறும், இழுவை மட்டும் ஏறாது.

அந்தச் சோர்வில் பெரும்பங்கு மலையின் கணக்கில் சேரவேண்டியது. மீதி ஏதாவது இருந்தால்தான் அது வண்டியின் பழுது. வீட்டில் டியூனிங் செய்ய உட்காருபவர் முதலில் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டையும்தான். இது தெரியாமல் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் நன்றாக இருக்கும் வண்டியைக் கெடுத்து வைப்போம்.

மலை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது?

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். சென்னையில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் ஊட்டியில் 77, 78தான். குளிர்ந்த காற்று சற்று அடர்த்தியானது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், சென்னை வெயிலில் ஒரு சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் ஊட்டியில் கிடைக்கும். சென்னையில் 20 குதிரைத்திறன் தரும் என்ஜின் இங்கே 16 தருவதே அதிகம். தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு சீக்கிரம் வேகாது. அடுப்பங்கரையில் பருப்பைப் படுத்தும் அதே மெல்லிய காற்றுதான் ரோட்டில் பைக்கையும் படுத்துகிறது.

கார்புரேட்டர் காலத்தில் சிக்கல் இரட்டிப்பு. காற்று குறைந்தாலும் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். கலவை ரிச் ஆகும் (பெட்ரோல் மிஞ்சும்), பிளக் கருக்கும், அதனால் மலைக்கென்றே சின்ன மெயின் ஜெட் போடுவார்கள். எஃப்ஐ வண்டிக்கு, அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிக்கு, அந்தத் தேவை கிடையாது. இன்டேக்கில் இருக்கும் மேப் சென்சார் காற்றழுத்தத்தை அளந்து சொல்ல, ஈசியூ (என்ஜினை நடத்தும் சின்னக் கணினி) பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே கலவை சரியாகவே இருக்கும், மொத்த அளவுதான் குறைவு. இல்லாத காற்றை எந்த டியூனிங்கும் கொண்டுவந்து தராது.

அப்படியென்றால் பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? மலையால் வரும் சோர்வு எல்லா ஆர்பிஎம்மிலும் (என்ஜின் சுற்றும் வேகம்) ஒரே சீராக இருக்கும். ஜெர்க் இருக்காது, வண்டி ஆஃப் ஆகாது, மேட்டுப்பாளையம் இறங்கியதும் தானாகவே மறைந்துவிடும். பழுது அப்படி இல்லை. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் திணறும், சிக்னலில் நின்றால் ஆஃப் ஆகும், கரும்புகை வரும், பெட்ரோல் வாசம் அடிக்கும், மஞ்சள் என்ஜின் லைட் எரியும். கீழே இறங்கினாலும் அது கூடவே வரும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த இரண்டாம் வகைக்கும், வழக்கமான பராமரிப்புக்கும்தான்.

என்னென்ன வேண்டும்

நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர், இடுக்கை அளக்க 0.03 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும் தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ், உங்கள் வண்டியின் பிளக் ஸ்பேனர், இறுக்கும் விசையை அளக்கும் சின்ன டார்க் ரெஞ்ச், த்ராட்டில் பாடி (ஆக்சிலேட்டர் முறுக்கும்போது திறந்து காற்றை விடும் பாகம்) கிளீனர் ஸ்ப்ரே, கான்டாக்ட் கிளீனர், டைஎலெக்ட்ரிக் கிரீஸ், பனியன் வேஸ்ட். இவற்றோடு, ஈசியூவில் இருக்கும் எண்களைப் படித்துக் காட்டும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்று. காருக்கு வரும் அதே ஈஎல்எம்327தான். பிஎஸ்6 புகை விதிப்படி வந்த பைக்குகள் பலவற்றில் சீட்டுக்கு அடியில் 6 பின் கொண்ட கனெக்டர் இருக்கும், அதற்கு 6 பின்னிலிருந்து 16 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் தனியாக வாங்கவேண்டும். மிக மலிவான ஸ்கேனர்கள் பாதி வண்டிகளோடு பேசாது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு வேலை செய்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டியின் சர்வீஸ் மேனுவல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே தரும் எண்கள் பொதுவானவை. மேனுவலில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

வேலை செய்யும் இடம் திறந்தவெளியாக இருக்கட்டும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்தில் கணப்பு மூட்டி வைத்துக்கொண்டு பெட்ரோல் வேலை பார்க்கவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து நெருப்பைத் தேடிப் போகும்.

முதல் படி: பேட்டரி

எஃப்ஐ வண்டியில் எல்லாமே மின்சாரம். பம்ப், இன்ஜெக்டர், சென்சார், ஈசியூ என்று ஒவ்வொன்றுக்கும் சரியான வோல்டேஜ் வேண்டும். குளிரில் பேட்டரியின் திறன் குறையும், என்ஜின் ஆயிலும் கெட்டிப்படும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் செல்ஃப் இழுக்காமல் போவதற்கு இதுதான் காரணம்.

இரவு நிறுத்திய வண்டியில் காலையில் அளந்தால் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டவேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். ஓடும்போது, ஆக்சிலேட்டர் கொடுத்த நிலையில், 13.5 முதல் 14.7 வரை இருந்தால் சார்ஜிங் சரி. டெர்மினல் லூசாக இருந்தாலே பாதி "சென்சார் கோளாறுகள்" முளைக்கும். ஆகவே முதலில் போல்ட்டை இறுக்கிவிட்டு, பிறகு மற்றதைப் பாருங்கள்.

இரண்டாம் படி: வண்டி என்ன சொல்கிறது?

சாவியை ஆன் செய்யுங்கள், ஸ்டார்ட் செய்யவேண்டாம். டேங்குக்குள் 2, 3 விநாடி "ங்ங்ங்" என்று பம்ப் ஓடி நிற்கும். என்ஜின் லைட் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணையவேண்டும். சாவி போட்டும் லைட் எரியவே இல்லை என்றால் அதுவும் நல்ல சகுனம் இல்லை. பல்ப் போயிருக்கலாம், ஈசியூவுக்கு மின்சாரம் வராமலும் இருக்கலாம்.

பல வண்டிகளில் இந்த லைட் கண் சிமிட்டியே கோளாறைச் சொல்லும். நீளமாக ஒருமுறை எரிந்தால் 10, குட்டையாக எரிந்தால் 1 என்று எண்ணிக்கொள்ளவேண்டும். இரண்டு நீளம், ஒரு குட்டை என்றால் 21. ஹோண்டா வண்டிகளில் 1 என்பது மேப் சென்சார், 7 என்ஜின் வெப்பநிலை, 8 த்ராட்டில் சென்சார், 9 உள்வரும் காற்றின் வெப்பநிலை, 12 இன்ஜெக்டர், 21 ஓ2 சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்ப்பது), 29 ஐடிலிங் வால்வு (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது என்ஜின் ஓடும் வேகத்தைப் பார்த்துக்கொள்வது). மற்ற கம்பெனிகளின் பட்டியல் வேறு. ஒரு எச்சரிக்கை: குறியில் சென்சார் பெயர் வந்தால் உடனே புது சென்சார் வாங்கப் போகாதீர்கள். பெரும்பாலும் கனெக்டரில் ஈரமோ, கடிபட்ட வயரோதான் இருக்கும். கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழையும் கனெக்டர்களில் பச்சை பூக்க வைத்துவிடும். கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காய்ந்தபின் துளி டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினாலே போதும். ரப்பர் சீல் உள்ளே மடிந்துவிடாமல் பாருங்கள். எலிக்கும் குளிர்தான், சூடு ஆறாத என்ஜின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வயரைக் கொறிக்கும். சீட்டைக் கழற்றி வயர்கட்டை விரலால் தடவிப் பார்ப்பது இங்கே கட்டாய வேலை.

ஸ்கேனர் கிடைத்தால் மலைக்காரர்களுக்கு அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது மேப் சென்சார் காட்டுவது அந்த ஊரின் காற்றழுத்தமே. ஊர்வாரியாக ஏறக்குறைய இப்படி வரவேண்டும்:

மேட்டுப்பாளையம்: 97–98 கிலோபாஸ்கல்
கூடலூர்: 89–90
குன்னூர், கோத்தகிரி: 81–83
ஊட்டி: 77–79

ஊட்டியில் நின்றுகொண்டு சென்சார் 92 காட்டினால், அது ஈசியூவிடம் "நாம் இன்னும் கூடலூருக்குக் கீழேதான் இருக்கிறோம்" என்று பொய் சொல்கிறது. ஈசியூ அதை நம்பி அதிகப் பெட்ரோல் விடும். கரும்புகை, கருத்த பிளக், விழுந்த மைலேஜ். மாறாக 65 காட்டினால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து) என்ஜின் சூடேறும். 2, 3 கிலோபாஸ்கல் வித்தியாசத்தைப் பொருட்படுத்தவேண்டாம்.

அடுத்தது வெப்பநிலை. இரவு முழுக்க நின்ற வண்டியில், விடிகாலையில், என்ஜின் வெப்பநிலையும் உள்வரும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக, வெளியில் இருக்கும் குளிரை ஒட்டி இருக்கவேண்டும். வெளியே 9 டிகிரி, காற்று சென்சார் 10, என்ஜின் சென்சார் 11 என்றால் நிம்மதி. மைனஸ் 40 காட்டினால் அந்த சென்சாரின் இணைப்பு அறுந்திருக்கிறது. 30 டிகிரி காட்டினால், குளிர்ந்த என்ஜினுக்குத் தேவையான கூடுதல் பெட்ரோலை ஈசியூ விடாது. "காலையில ஸ்டார்ட் ஆகவே மாட்டேங்குது, மத்தியானம் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது" என்ற புகாரின் வேர் அநேகமாக இங்கே இருக்கும்.

த்ராட்டில் சென்சார் எண் மூடியிருக்கும்போது 0 ஆக இருக்கவேண்டியதில்லை. மெதுவாக முறுக்கும்போது குதிக்காமல், விழாமல் ஏறுகிறதா என்பதே கேள்வி. மல்டிமீட்டரில் பார்த்தால் மூடிய நிலையில் அரை வோல்ட்டை ஒட்டியும், முழுதும் திறந்தால் 4 வோல்ட்டை ஒட்டியும் வரும். என்ஜின் சூடானபின் ஓ2 சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊஞ்சல் ஆடவேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சென்சார் செத்திருக்கலாம், அல்லது கலவை உண்மையிலேயே ஒருபக்கம் சாய்ந்திருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மூன்றாம் படி: காற்று வரும் வழி

ஃபில்டரைக் கழற்றியதும் முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். எண்ணெய் பூசியதுபோல் பிசுபிசுப்பாக, பழுப்பாக இருந்தால் அதை ஊதவோ கழுவவோ கூடாது. ஊதினால் பிசின் போய்விடும், தூசி நேராக என்ஜினுக்குள் போகும். அழுக்கானால் மாற்றுவது ஒன்றே வழி. உலர்ந்த காகித ஃபில்டரை உள்ளிருந்து வெளியே குறைந்த அழுத்தத்தில் ஊதலாம். ஸ்பாஞ்ச் வகையைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தோய்த்துப் பிழிந்து போடலாம். இங்கே தூசி குறைவு, ஆனால் பனிமூட்டத்தின் ஈரம் காகிதத்தை ஊறவைத்து அடைத்துவிடும். தேயிலைத் தோட்டத்து மண்சாலையில் தினம் ஓடும் வண்டிக்கு மேனுவல் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே ஃபில்டரைப் பார்ப்பது நல்லது.

ஏர்பாக்ஸை வெட்டித் துளை போட்டால் மலையில் பிக்கப் வரும் என்பது வெறும் சத்தத்தில் மயங்குவது. வெளிக்காற்றே மெல்லியதாக இருக்கும்போது வாசலை அகலமாக்கி என்ன பயன்?

அடுத்து த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு. இரவுக் குளிரும் பகல் சூடும் மாறி மாறிப் பட்டு அதில் மயிரிழை வெடிப்பு விழும். ஈசியூ அளக்காத காற்று அதன் வழியாக நுழைந்தால் ஐடிலிங் ஏறி இறங்கும். என்ஜின் ஓடும்போது அந்த ரப்பரைச் சுற்றி மட்டும் பூந்தெளிப்பானில் மெலிதாகத் தண்ணீர் அடியுங்கள். ஐடிலிங் சட்டென்று மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலையோ கிளீனர் ஸ்ப்ரேயையோ சூடான என்ஜின்மேல் அடித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். அடைக்க சிலிகான் பேஸ்ட்டும் வேண்டாம். அதன் ஆவி ஓ2 சென்சாரைக் கெடுக்கும். ரப்பரை மாற்றிவிடுங்கள்.

நான்காம் படி: பிளக்

மாற்று பிளக்கில் "ஆர்" எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணமாக சிபிஆர்8இஏ-9 என்ற என்ஜிகே எண்ணில் "ஆர்" என்பது உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைச் சொல்கிறது, 8 என்பது வெப்ப அளவு, கடைசி 9 என்பது 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் அதன் மின் இரைச்சல் ஈசியூவைக் குழப்பும். கார்புரேட்டர் வண்டிக்குப் போட்ட பழைய பிளக் கைவசம் இருக்கிறதே என்று எஃப்ஐ வண்டியில் மாட்டாதீர்கள். என்ஜிகேவில் எண் கூடக் கூட "குளிர்ந்த" பிளக். ஊட்டியில் மெதுவாக ஓடும் வண்டிக்குக் கூடுதல் எண் போட்டால் கரி படியும்.

நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. உலர்ந்த கருங்கரி என்றால் ரிச், வெளுத்துப்போய் இருந்தால் லீன் அல்லது அதிகச் சூடு, ஈரமாக எண்ணெய்ப் பசை இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. 10 மில்லிமீட்டர் மரைக்கு 10–12 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15–20, 14 மில்லிமீட்டருக்கு 25–30. டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கையால் முழுக்க இறுக்கி, புது பிளக்கை மேலும் அரைச் சுற்று, பழையதை மேலும் பன்னிரண்டில் ஒரு சுற்று. குளிர்ந்த என்ஜினில் மட்டும் கழற்றுங்கள், சூட்டில் கழற்றினால் அலுமினிய மரை கையோடு வந்துவிடும்.

ஐந்தாம் படி: டேப்பெட்

வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சரிசெய்வதுதான் இது. நேரம் அதிகம் எடுக்கும் வேலை, பலனும் அதற்கேற்றபடி இருக்கும். ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும் வண்டிக்குத்தான் இந்தப் பகுதி. ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் சின்னத் தகடு) வைத்த டபுள் கேம் என்ஜினையும், ஹைட்ராலிக் டேப்பெட்டையும் வீட்டில் தொடவேண்டாம்.

இன்டேக் வால்வு இறுகிப்போனால் ஐடிலிங்கில் வேக்யூம் குறையும். மேப் சென்சார் அதை "லோடு கூடிவிட்டது" என்று படிக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டும். இயந்திரக் கோளாறு ஒன்று இப்படித்தான் சென்சார் கோளாறுபோல வேஷம் போடும். அதனால்தான் டேப்பெட் பார்க்காமல் எஃப்ஐ டியூனிங் பேசுவதில் அர்த்தமில்லை.

வண்டி இரவு முழுக்க ஆறியிருக்கவேண்டும். பிளக்கைக் கழற்றினால் என்ஜின் லேசாகச் சுற்றும். இடதுபக்கக் கவரில் இருக்கும் இரண்டு மூடிகளைத் திறந்து, பெரும்பாலான சிங்கிள் சிலிண்டர் வண்டிகளில் மேக்னெட்டை இடஞ்சுழியாகச் சுற்றி "டி" குறியைக் கேஸிங்கில் உள்ள வெட்டுக்கு நேராக நிறுத்துங்கள். இப்போது இரண்டு ராக்கரும் விரலால் ஆட்டினால் "டிக் டிக்" என்று கொஞ்சம் ஆடவேண்டும். ஒன்று இறுக்கமாக இருந்தால் அது தவறான சுற்று, இன்னொரு முழுச் சுற்று சுற்றுங்கள். அதைக் கவனிக்காமல் அளந்தால் எல்லா எண்ணும் பொய்.

சின்ன வண்டிகளில் இன்டேக் 0.05 முதல் 0.10, எக்ஸாஸ்ட் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் என்ற வட்டத்துக்குள் வரும், சரியான எண் மேனுவலில். ஃபீலர் தகடு நுழைந்து, இழுக்கும்போது மெல்லிய பிடிப்பு தெரியவேண்டும். அதற்கு அடுத்த தடிமன் நுழையக்கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே சுற்றி அளவு மாறிவிடும். இறுக்கியபின் மறுபடி அளக்காமல் மூடிவிடுவதுதான் பலர் செய்யும் தப்பு. பிறகு என்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் "டி"யில் நிறுத்தி, கடைசியாக ஒருமுறை அளந்துவிடுங்கள்.

சத்தம் பிடிக்கவில்லை என்று எக்ஸாஸ்ட்டை இறுக்கி வைக்காதீர்கள். வால்வு முழுக்க மூடாமல் வெப்பத்தைக் கடத்தமுடியாமல் கருகும். டேப்பெட் சத்தம் கொஞ்சம் கேட்டால் காதுக்குத்தான் தொந்தரவு, சத்தமே இல்லாவிட்டால் பாக்கெட்டுக்குத் தொந்தரவு.

ஆறாம் படி: த்ராட்டில் பாடி

பட்டர்ஃபிளை தகட்டின் ஓரத்தில் கறுப்பு வளையமாகக் கரி படியும். ஐடிலிங்கில் காற்று போகும் இடுக்கு அதுதான், அடைத்தால் சிக்னலில் ஆஃப் ஆகும். கிளீனரை நேராக உள்ளே பீய்ச்சாமல் பனியன் வேஸ்ட்டில் நனைத்துத் துடையுங்கள். உலோகக் கம்பி, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். பல த்ராட்டில் பாடிகளில் துளையின் சுவரில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு இருக்கும், அதைக் கரி என்று நினைத்துச் சுரண்டினால் ஐடிலிங் என்றைக்கும் திரும்பாது. பெயின்ட் வைத்து மூடிய ஸ்டாப் ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள். அது கம்பெனியில் ஏர்ஃப்ளோ அளந்து வைத்தது, ஐடிலிங் ஸ்க்ரூ அல்ல. எலெக்ட்ரானிக் த்ராட்டில் உள்ள வண்டியில் சாவி ஆனில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளக்கூடாது.

ஆக்சிலேட்டர் கேபிளின் ஃப்ரீ ப்ளே கைப்பிடியில் 2 முதல் 6 மில்லிமீட்டர் இருக்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது ஐடிலிங் ஏறினால் கேபிள் இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து.

வேலை முடிந்தபின் ஈசியூ புது நிலைமையைக் கற்றுக்கொள்ள நேரம் கொடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாமல் சாவியை ஆன் செய்து 10 விநாடி, ஆஃப் செய்து 10 விநாடி, மறுபடி ஆன். பிறகு ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை விட்டுவிடுங்கள். 100 முதல் 150 சிசி வண்டிகள் பல, 1,400 ஆர்பிஎம்மை ஒட்டி நிலைகொள்ளும். காலைக் குளிரில் முதல் சில நிமிடம் ஐடிலிங் கூடுதலாக இருப்பது இயல்பு, அதைக் குறைக்க முயலாதீர்கள்.

பெட்ரோல் பக்கம்

பல வண்டிகளில் லைனில் 3 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பம்ப் கனெக்டரைக் கழற்றி, என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டபிறகுதான் ஹோஸைக் கழற்றலாம். இன்ஜெக்டரின் ரெசிஸ்டன்ஸ் 10 முதல் 14 ஓம் வந்தால் மின்சுருள் நலம். துளை அடைத்திருந்தால் ஊசியால் குத்தாதீர்கள், அல்ட்ராசானிக் கிளீனிங் செய்யும் இடத்தில் கொடுங்கள்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் தங்கி பம்பைக் கெடுக்கும். நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். அதிக ஆக்டேன் பிரீமியம் பெட்ரோல் ஊட்டிக்குத் தேவையே இல்லை. காற்று மெலிந்ததால் சிலிண்டர் அழுத்தமும் குறைவு, நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வரும் வாய்ப்பும் குறைவு.

கம்ப்ரஷன் அளக்கும்போது ஏமாறாதீர்கள்

சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் வைத்து, இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, பிளக் கேபிளை எர்த் செய்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து செல்ஃப் அடித்து அளக்கலாம். ஆனால் மேனுவலில் இருக்கும் எண் சமவெளிக்கானது. சென்னையில் 12 பார் காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 9 சொச்சம்தான் காட்டும். இது தெரியாமல் பிஸ்டன் ரிங் மாற்றியவர்கள் உண்டு. ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் டீகம்ப்ரஷன் அமைப்பு உள்ள என்ஜினில் எண் இன்னும் குறையும்.

பிக்கிபேக், பொய் ரெசிஸ்டர், பல்சக்கரம்

காற்று வெப்பநிலை சென்சாருக்குப் பதிலாக மாட்ட ஒரு சின்ன ரெசிஸ்டரை "பவர் சிப்" என்று ஆன்லைனில் விற்கிறார்கள். அது செய்வது ஒன்றுதான்: எப்போதும் குளிர் என்று ஈசியூவை ஏமாற்றி பெட்ரோலைக் கூட்டுவது. ஏற்கனவே காற்று குறைந்த ஊரில் இதைவிட மோசமான யோசனை இல்லை.

பவர்ட்ரானிக், ஃப்யூல்எக்ஸ் போன்ற பிக்கிபேக்குகள் (ஈசியூவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் மாட்டும் பெட்டிகள்) வேறு ரகம், இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையே மாற்றுபவை. போடுவதாக இருந்தால் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் வைட்பேண்ட் சென்சார் பொருத்தி, முழு த்ராட்டிலில் லாம்டா (காற்று, பெட்ரோல் விகிதம்; 1க்குக் கீழே ரிச், மேலே லீன்) 0.87 முதல் 0.90 வரை இருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். முழு த்ராட்டிலில் ஈசியூ பொதுவாக ஓ2 சென்சாரின் பேச்சைக் கேட்காது, அங்கே வரும் பிழையைத் திருத்த ஆள் இல்லை. சமவெளியில் போட்ட பெட்ரோல் அளவுப் பட்டியல் (ஃப்யூல் மேப்) இங்கே சரியாக இருக்கும் என்று நம்பவேண்டாம். புகைச் சான்று, வாரண்டி இரண்டும் கேள்விக்குள்ளாகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மேட்டில் இழுவைதான் வேண்டும் என்றால் ஈசியூவை விட்டுவிட்டு பின் பல்சக்கரத்தைப் பாருங்கள். 42 பல்லுக்குப் பதில் 44 போட்டால் எல்லா கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 5 சதவீதம் கூடும். உச்ச வேகம் குறையும். ஆனால் கோத்தகிரி ரோட்டில் உச்ச வேகத்துக்கு என்ன வேலை? செயின் நீளம் போதுமா என்று பாருங்கள். ஸ்பீடு சென்சார் கியர்பாக்ஸில் இருந்தால் மீட்டர் கொஞ்சம் அதிகமாகக் காட்டும், முன்சக்கரத்தில் இருந்தால் மாறாது. இதற்கெல்லாம் முன்னால் மேட்டில் ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அது கிளட்ச் வழுக்குவது.

ஓட்டிப் பார்ப்பது

எப்போதும் ஒரே மேடு, ஒரே கியர், ஒரே எடை. மேலே ஏறி வந்ததும் சாவியை ஆஃப் செய்து 10 விநாடி கழித்து ஆன் செய்யுங்கள். ஒரே மேப் சென்சார் உள்ள பல வண்டிகள் சாவி போடும் கணத்தில்தான் ஊரின் காற்றழுத்தத்தைப் பதிவு செய்துகொள்ளும். நீண்ட ஏற்றத்தில் நிறுத்தாமல் வந்தால் பழைய எண்ணோடு தடுமாறலாம்.

இறங்கும்போது இன்னொரு சோதனை. இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் ஈசியூ இன்ஜெக்டரை மூடிவிடும், அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் உருட்டினால் ஐடிலிங்குக்குப் பெட்ரோலும் போகும், பிரேக்கும் காயும். குன்னூரிலிருந்து கல்லார் வரை இப்படிக் கியரில் இறங்கும்போது சைலன்சரில் "பட் பட்" என்று வெடித்தால் முதலில் ஹெட்டும் சைலன்சர் பைப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். கேஸ்கெட்டைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தால் அங்கே வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஓ2 சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து லீன் என்று தப்பாக எண்ணி, சாதாரண ஓட்டத்திலும் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கும். கேஸ்கெட்டை மாற்றி, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, மறுநாள் என்ஜின் ஆறியபின் இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.